எட்டு மாதத்துக்குள் அடங்கும் ஒரு கேள்வி

இயந்திரப் பொறியியல் மாணவர்களிடம் ஏழாம் பருவத் தொடக்கத்தில் ஒரு படிவம் தரப்படுகிறது. குழுவினர் பெயர், வழிகாட்டியின் பெயர், திட்டத்தின் தலைப்பு ஆகியவற்றை அது கேட்கிறது. அந்தத் திட்டம் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று கேட்கும் கட்டம் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. ஆகவே மாணவர்களும் தலைப்பையே தேடுகிறார்கள். முந்தைய ஆண்டுகளின் பட்டியல் கைமாறுகிறது. சூரிய ஆற்றலில் ஓடும் புல்வெட்டி, மிதிவண்டியால் இயங்கும் நீரெக்கி, பல வேலை செய்யும் விவசாயக் கருவி என்று நீளும் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்று எடுக்கப்படுகிறது. இயந்திரத்தை ஆயத்தமாகச் செய்து, அறிக்கையையும் சேர்த்து விற்கும் கடைகள் பெருநகரங்களில் உண்டு.

இதைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது; ஆனால் நியாயமன்று. அதே எட்டு மாதங்களில்தான் வளாக நேர்காணல் வருகிறது. நிலுவைத் தாள்கள் காத்திருக்கின்றன. வீட்டில் கல்விக்கடனைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. மதிப்பீட்டு நாளில் ஓடாத இயந்திரத்துக்கு மதிப்பெண் குறையும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஓடும் என்று முன்பே உறுதியான ஒன்றை எடுப்பது, அந்த விதிகளுக்குள் நின்று பார்த்தால், அறிவுடைய முடிவே. விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு மாணவரை மட்டும் கடிந்துகொள்வதில் பயனில்லை.

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து பொறியியல் படிக்கச் சென்ற நான்கு மாணவர்கள் இந்தத் தேர்வை எவ்வாறு செய்தார்கள் என்பது, வழிகாட்டிகளும் மாணவர்களும் சற்று நின்று பார்க்கத் தக்கது. அவர்கள் செய்த இயந்திரம் பெரிதன்று. கைவிட்ட திட்டங்களை எப்படிக் கைவிட்டார்கள் என்பதிலேதான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை ரயில்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. அதை ஒட்டியதே மைசூர் மைன்ஸ். 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் ஆளுகையில் வளர்ந்த சுரங்கங்களில் ஒன்றின் பெயர், அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் ஆகிவிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தன. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இந்த நால்வரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். சுரங்கம் அவர்களுக்குத் தாத்தாவின் பேச்சிலும், தூரத்தில் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரத்திலும், காற்றடிக்கும் மாதங்களில் வாசலில் படியும் வெண்மண்ணிலும் மட்டுமே இருந்தது. ஒருவரின் தந்தை பெமல் தொழிற்சாலையில் டர்னர். ஒருவரின் தாய் விடியற்கால ரயிலில் பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைக்குச் சென்று இரவு திரும்புபவர். நால்வருக்கும் வேலை தேவைப்பட்டது. அவர்களுள் இருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

ஆறாம் பருவத் தேர்வு முடிந்த மே மாதத்திலேயே அவர்கள் பேசத் தொடங்கினார்கள். முதலில் எழுந்த யோசனை மிகக் கவர்ச்சியானது. கைவிடப்பட்ட சுரங்கக் குழியை மின்கலமாக மாற்றுவது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு கனமான எடையை மேலே இழுத்து நிறுத்த வேண்டும். இரவில் அதை இறக்கி மின்சாரம் எடுக்க வேண்டும். இது வெறுங்கற்பனையும் அன்று. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் கிராவிட்ரிசிட்டி என்னும் நிறுவனம் 2021-இல் 15 மீட்டர் உயரக் கோபுரம் அமைத்து, 50 டன் எடையைக் கொண்டு 250 கிலோவாட் ஆற்றலை வெளிக்கொணர்ந்து காட்டியது. ஆழத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற சுரங்கங்கள் உள்ள ஊரில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறென்ன இருக்க முடியும்?

துறைப் பேராசிரியர் ஒருவர் அதை மறுக்கவில்லை. எத்தனை யூனிட் கிடைக்கும் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கு அது. எடை 10 டன், ஆழம் 1,000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 9 கோடியே 81 லட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் 27 யூனிட். ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பத்து டன்னை ஒருமுறை இறக்கினால், நாளொன்றுக்கு 3 யூனிட் செலவிடும் ஒரே ஒரு லைன் வீட்டுக்கு ஒன்பது நாள் மின்சாரம் கிடைக்கும். அதுவும் இழப்பு எதையும் கழிக்காமல். மின்சாரக் கார் ஒன்றின் மின்கலம் இதே அளவையோ இதற்கு மேலோ தன் அடித்தட்டில் சுமந்து செல்கிறது.

இன்னொரு கணக்கை அவர்களுக்குச் சொன்னவர் பொறியாளர் அல்லர். ஷாப்டில் வைண்டிங் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். வடத்தின் எடையைச் சேர்த்தீர்களா என்று கேட்டார். சேர்க்கவில்லை. "கயிறே பாதிப் பாரம் தம்பி. கீழ போகப் போகக் கயிறுதான் டிரம்ம இழுக்கும்" என்றார். 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு வடம் மீட்டருக்கு ஆறு முதல் ஏழு கிலோ எடை கொண்டது. 1,000 மீட்டருக்கு அது ஆறு டன்னைத் தாண்டும். ஆழம் கூடக் கூட வடம் தன்னைத் தானே தாங்குவதற்கே வலிமையைச் செலவிட வேண்டியிருக்கும். மிக ஆழமான சுரங்கங்கள் மேற்பரப்பிலிருந்து ஒரே இழுப்பில் இறங்காமல், நிலத்துக்கடியில் தொடங்கும் துணைக் குழிகள் வழியே படிப்படியாக இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதுமட்டுமன்றி, நீரிறைப்பு நின்ற பின் தங்கவயலின் குழிகளில் நீர் ஏறிவிட்டது. அங்கே இறங்கி அளக்க மாணவர் குழு எதற்கும் அனுமதி கிடைக்கப் போவதில்லை.

திட்டம் அத்துடன் முடிந்தது. நால்வருக்கும் ஏமாற்றமே. இருந்தாலும் ஓர் எண்ணால் வீழ்ந்த யோசனைக்கும் ஒருவரின் விருப்பின்மையால் வீழ்ந்த யோசனைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எடை நூறு மடங்கானால் என்ன, ஆயிரம் டன்னைத் தாங்கும் அமைப்பு எப்படி இருக்கும் என்ற அடுத்த கேள்விகள் அங்கிருந்து தெளிவாகத் தொடங்குகின்றன. அவற்றுக்கு விடை காணும் இடம் ஓர் இறுதியாண்டுக் குழுவின் பட்டறை அன்று. அவ்வளவுதான்.

இரண்டாவது யோசனை அந்த நீரிலிருந்தே பிறந்தது. குழிகளில் இவ்வளவு நீர் நிற்க, மேலே லைன்களில் குடங்கள் வரிசையில் நிற்கின்றனவே; எக்கி எடுத்தால் என்ன? தங்கவயலுக்கு நெடுங்காலம் நீர் தந்தது பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரி. காலடியிலேயே நீர் இருக்கும்போது தொலைவிலிருந்து கொண்டுவருவது ஏன் என்ற கேள்வி ஊரில் அனைவரும் கேட்பதுதான். இம்முறை அவர்கள் கணக்கை முதலிலேயே போட்டார்கள். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்த, நூறு விழுக்காடு திறனில் 0.27 யூனிட் வேண்டும். எக்கியின் மொத்தத் திறன் 60 விழுக்காடு என்று கொண்டால் அரை யூனிட்டுக்கும் குறைவு. இயந்திரப் பொறியியலைப் பொறுத்தவரை இது மலிவான வேலை. சந்தையில் கிடைக்கும் நீர்மூழ்கி எக்கி போதும். புதிதாக வடிவமைக்க ஒன்றுமில்லை.

அங்கேதான் அவர்கள் நின்றார்கள். இயந்திரம் எளிதென்றால் சிக்கல் எங்கே இருக்கிறது? நூற்றாண்டுக்கு மேல் வெடித்தும் உடைத்தும் குடைந்த பாறையின் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அதை ஆராய்வது வேதியியலாரின் வேலை. அந்த நீர் யாருக்குச் சொந்தம், யார் எடுக்கலாம் என்பது நிர்வாகத்தின் வேலை. எக்கி, குழாய், தொட்டி என்று அழகாக ஒரு மாதிரி செய்து காட்டிவிடலாம், மதிப்பெண்ணும் கிடைக்கும். நீரின் தன்மை தெரியாத வரை அந்த மாதிரி ஊருக்கு ஒரு சொட்டும் தராது. ஒரு சிக்கலில் தம் துறைக்கு உரிய பகுதி எது, அந்தப் பகுதி அதன் கடினமான பகுதிதானா என்ற கேள்வியை மாணவர்கள் கேட்கப் பழகுவது, திறன்மிக்க எக்கி ஒன்றைத் தேர்வதைவிட அரிது.

இங்கே அந்த ஊரின் பழைய இயந்திரங்களை நினைத்துப் பார்ப்பது தகும். தங்கவயலில் பெருமையாகச் சொல்லப்படும் தொழில்நுட்பங்கள் எவையும் தலைப்புப் பட்டியலிலிருந்து வந்தவை அல்ல. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902 ஜூனில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. நீராவி இயந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் கொண்டுவந்து கட்டுப்படியாகாத நிலை அதன் பின்னணி. அருவியை நகர்த்த முடியாது. சுரங்கத்தையும் நகர்த்த முடியாது. இடையே ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அந்தத் தொலைவே கேள்வி. திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் வகுத்த திட்டம் அதற்கு விடையாக அமைந்தது. அன்று அது உலகின் மிக நீண்ட மின்கடத்தல் தடங்களுள் ஒன்று. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு 1905-இல்தான் வந்தது.

ஒரு மாணவரின் தேர்வாகவே அமைந்த எடுத்துக்காட்டும் அந்த ஊரில் உண்டு. 1951-இல் ஹோமி பாபாவின் ஆய்வு மாணவரான பி. வி. ஸ்ரீகண்டன் அண்டக் கதிர்களை அளக்கும் கருவிகளோடு தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினார். அண்டக் கதிர் என்னும் பரந்த பொருளில் அவர் எடுத்துக்கொண்டது குறுகிய ஒரு கேள்வி. பாறையின் ஆழம் கூடக் கூட மியூவான்களின் எண்ணிக்கை எவ்வாறு குறைகிறது? மாற்ற வேண்டியது ஆழம்; எண்ண வேண்டியது மியூவான். பல ஆழங்களில் நிலத்தடித் தளங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த அந்தச் சுரங்கம் அந்தக் கேள்விக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. அந்த வழியில் தொடர்ந்த ஆய்வில், 1960-களின் தொடக்கத்தில், மிக ஆழமான தளம் ஒன்றில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவானும் பதிவாகவில்லை. மேலுள்ள தளங்களில் அதே வகைக் கருவிகள் ஒழுங்காக எண்ணியிருந்ததால் அந்தச் சுழியத்துக்குப் பொருள் இருந்தது. வேறு துகள்களின் இரைச்சல் இல்லாத இடம் அது என்று தெரிந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டர்ஹாம் பல்கலைக்கழகம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுக்குழு 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தது.

கல்லூரித் திட்டத்தை நியூட்ரினோவோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஒப்பிடப்படுவது தேர்வு முறை மட்டுமே. மாற்றும் ஒன்று, அளக்கும் ஒன்று, மீண்டும் மீண்டும் செல்லக்கூடிய ஓர் இடம். "ஒன்றுமில்லை" என்று விடை வந்தாலும் அது விடையாகவே நிற்கும் அமைப்பு. இந்த நான்கும் இருந்தால் எட்டு மாதம் போதும்.

நால்வரின் மூன்றாவது யோசனை யாருக்கும் கவர்ச்சியாகத் தோன்றவில்லை. ஆடைத் தொழிலாளியின் மகள்தான் அதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போடும் துணியை மாலையில் மீண்டும் உதற வேண்டியிருக்கிறது என்றார். அந்த மண் வருவது சயனைடு மேடுகளிலிருந்து. தங்கத் தாதுவைப் பொடித்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய நுண்மணல், ஊரெங்கும் குன்றுகளாக நிற்கிறது. 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட குவியல் அது. தூசி என்றால் தங்கவயலில் துணி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களுள் ஐந்தில் இருவருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் காணப்பட்டது. குழுவில் ஒருவரின் தாத்தா இருமி இருமி இறந்தவர்.

அந்த நினைவு இருந்ததாலேயே முதலில் எழுதிய தலைப்பு மிகப் பெரிதாக வந்தது. தங்கவயலின் தூசி மாசைக் கட்டுப்படுத்தல். பேராசிரியர் எந்தத் தூசி என்று கேட்டார். மீண்டும் கணக்கு. மேட்டின் உயரம் 30 மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று கொள்வோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் விழும். ஒரு நிமிடத்தில் தரையைத் தொடும். அதற்குள் 300 மீட்டர் கடந்திருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, அதாவது 10 மைக்ரான் துகள், நொடிக்கு 8 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும். அது தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 18 கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்கும். காற்றின் சுழற்சியைச் சேர்த்தால் இந்த எண்கள் மாறும். இரண்டுக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடு மாறாது.

ஆகவே வாசலில் படியும் மண்ணும் நுரையீரலுக்குள் செல்லும் தூசியும் ஒன்றல்ல. கண்ணில் படுவது கேடு குறைந்தது. கேடு மிகுந்தது கண்ணில் படாதது. ஒன்றைக் குறைத்துவிட்டு மற்றதைக் குறைத்ததாகச் சொன்னால் அது ஏமாற்று. நால்வரிடம் 10 மைக்ரானுக்குக் குறைந்த துகளை நம்பகமாக அளக்கும் கருவி இல்லை. படியும் மண்ணை எடைபோட வேதியியல் ஆய்வகத்தின் தராசு போதும். அவர்கள் படியும் மண்ணையே எடுத்துக்கொள்வது என்றும், நோய் என்ற சொல் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் பயனாகக் காட்டப்படக் கூடாது என்றும் முடிவு செய்தார்கள். தாத்தாவை இழந்தவருக்கு இது எளிதாக இருக்கவில்லை. அவருக்காகவே அந்தத் திட்டம் என்று அதுவரை எண்ணியிருந்தார்.

கேள்வி சுருங்கியது. ஒரே ஒரு தெரு. மேட்டைப் பார்த்த பக்கம் இரண்டு மீட்டர் உயர நிழல்வலைத் தடுப்பு. அதற்குப் பின்னால் படியும் மண் எவ்வளவு குறைகிறது? நாற்றங்கால்களில் கட்டும் அதே வலைதான். சுவர் எழுப்பினால் நல்லதல்லவா என்று ஊரார் கேட்டார்கள். அடைத்த சுவருக்குப் பின்னால் காற்று கவிழ்ந்து சுழன்று மண்ணைக் கீழே கொட்டும். ஏறக்குறைய பாதி திறந்த தடுப்பு காற்றை வடித்து, அதன் வேகத்தைக் குறைத்து, உயரத்தைப்போல் பத்து மடங்குத் தொலைவு வரை ஓரளவு அமைதியைத் தரும். வயல் ஓரங்களில் சவுக்கு நடும் உழவருக்கு இது பழகிய செய்தி. எவ்வளவு திறப்பு இந்த மண்ணுக்கும் இந்தத் தெருவுக்கும் ஏற்றது என்பது யாரும் அளந்து சொல்லாதது.

டர்னரின் மகன் உடன்படவில்லை. நேர்காணலில் கம்பத்தில் வலை கட்டினேன் என்று சொல்வதா என்று கேட்டார். அவர் விரும்பியது கணினி வடிவமைப்பும் தகைவுப் பகுப்பாய்வும் கொண்ட, வாகன நிறுவனங்களின் காதில் விழக்கூடிய ஒரு தலைப்பு. அவர் கேட்டதில் தவறு இல்லை. வீட்டில் கடன் இருக்கிறது. மற்றவர்கள் இலட்சியம் பேசி அவரை மடக்க முயன்றிருந்தால் குழு உடைந்திருக்கும். பேராசிரியர் அவரிடம் வலையின் மேல் காற்று தரும் விசையைக் கேட்டார். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் அழுத்தம் தரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 240 நியூட்டன். இரண்டரை மீட்டர் இடைவெளியில் கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து சதுர மீட்டர் வலை. பாதுகாப்புக்காக வலையை அடைத்த பலகையாகவே கொண்டால், சூறைக் காற்றில் ஒவ்வொரு கம்பத்தையும் 1,200 நியூட்டன் தள்ளும். பிள்ளைகள் விளையாடும் தெருவில் அந்தக் கம்பம் சாயக் கூடாது. மண்ணில் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும், குழாயின் சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும், எந்த வேகத்தில் வலை தானாகக் கழன்று கம்பத்தைக் காப்பாற்ற வேண்டும்? அவர் தேடிய தகைவுப் பகுப்பாய்வு முழுவதும் அங்கே காத்திருந்தது. கம்பம் அவர் பொறுப்பாயிற்று.

அளவை முறைதான் குழுவின் நீண்ட விவாதமாக இருந்தது. தட்டில் விழுந்த மண்ணை அடுத்த காற்று அள்ளிச் சென்றுவிடும். அதற்குத் தூசி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய உத்தி, தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைப்பது. குண்டுகளின் இடுக்கில் இறங்கிய மண் மீண்டும் எழாது. வாரம் ஒருமுறை கழுவி, உலர்த்தி, எடைபோடலாம். தெருவின் ஒரு பாதியில் வலை, மறு பாதி வெறுமை. சில வாரங்களுக்குப் பின் வலையை அப்படியே மறுபாதிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் குறைந்தது வலையாலா அந்த இடத்தின் வாகாலா என்று சொல்ல முடியாது. மேட்டின் மேல் ஏறுவதில்லை, அங்கிருந்து மண்ணை அள்ளுவதில்லை, தட்டைக் கழுவும்போது முகக்கவசம் என்ற மூன்று கட்டுப்பாடுகளையும் எழுதி ஒட்டினார்கள். தோல்வி என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதினார்கள். இரு பாதிகளின் வேறுபாடு, ஒரே பாதியில் அருகருகே வைத்த தட்டுகளுக்கிடையே காணும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இல்லாவிட்டால், வலை பயன் தரவில்லை என்றே அறிக்கை சொல்லும்.

உலகச் சுரங்க வரலாற்றில் இதற்கு ஒத்த ஒரு செய்தி உண்டு. 1890-களின் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜான் ஜார்ஜ் லேனர் வேகமான புதிய பாறைத்துளைப்பான் ஒன்றை உருவாக்கினார். உட்குழிவான துளைக்கம்பியின் வழியே காற்றை ஊதித் துகளை வெளியேற்றியது அது. வேகத்தில் குறையில்லை. கிளப்பிய தூசியோ தாங்க முடியாதது. தொழிலாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். லேனர் அதே துளை வழியே நீரையும் செலுத்தினார். பின்னாளில் உலகெங்கும் நீர்வழித் துளைப்பே முறையாயிற்று. ஒரு வடிவமைப்பு தேர்ச்சி பெற்றதா என்று தீர்மானிக்கும் உரிமை அதைப் பயன்படுத்துவோரிடமும் இருக்கிறது என்பதை அந்த மறுப்பு காட்டியது. தெருவில் தட்டு வைக்க இடம் கொடுத்த பத்துப் பதினைந்து வீட்டாரும் அந்த நால்வருக்கு அத்தகைய மதிப்பீட்டாளர்களே. வலை வெயிலையும் மறைக்கிறது, காற்றையும் மறைக்கிறது என்று அவர்கள் கழற்றச் சொன்னால், தராசு என்ன சொன்னாலும் வடிவமைப்பை மாற்றியாக வேண்டும்.

கல்வித்துறையினர் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறுதியாண்டுத் திட்டத்தின் முதல் மதிப்பீட்டில், கைவிட்ட யோசனைகளுக்கென்று ஒரு பக்கம் கேட்கலாம். அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். 27 யூனிட் என்ற ஒரு வரிக் கணக்கு, கடையில் வாங்கி ஓடவிட்ட இயந்திரத்தைவிட மாணவரைப் பற்றி மிகுதியாகச் சொல்லும். ஆயத்தத் திட்டம் விற்கும் கடைகளால் அந்தப் பக்கத்தை மட்டும் எளிதில் விற்க முடியாது. அது அந்தந்த ஊரின் எண்களால் ஆனது. பணமும் முழுத்தடை அன்று. கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1970-களின் பிற்பகுதியிலிருந்து மாணவர் திட்டங்களுக்கு நிதி அளித்து வருகிறது. வலையும் குழாயும் கோலிக்குண்டும் அதற்கே மிகச் சிறிய செலவு.

கல்லூரி நாட்காட்டி மட்டும் இடையூறாக நிற்கிறது. தங்கவயலில் மண் பறப்பது தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில். தலைப்புப் படிவம் வருவதோ அந்தக் காற்று தணியும் வேளையில். படிவத்துக்காகக் காத்திருந்தால் காற்றில்லாத மாதங்களில் வலை கட்டி, ஒன்றையும் அளக்காமல் அறிக்கை எழுத நேரும். நால்வரும் ஆனி மாதத்திலேயே தட்டுகளை வைத்துவிட்டார்கள். வலை அப்போது இல்லை. கம்பத்தின் கணக்கே முடிந்திருக்கவில்லை. வலை இல்லாத தெருவில் ஒரு வாரத்தில் எத்தனை கிராம் மண் விழுகிறது என்பது மட்டும் எட்டுத் தட்டுகளில் சேர்ந்துகொண்டிருந்தது. படிவம் கைக்கு வந்தபோது, தலைப்பு என்ற கட்டத்தில் அவர்கள் அந்தத் தெருவின் பெயரையும், வலையின் உயரத்தையும், கிராம் என்ற அலகையும் எழுதினார்கள்.